மித வெப்பக் காடுகளில் ஆந்தைக் கணக்கெடுப்பு: காதா, ஸ்பீக்கரா, ரெக்கார்டரா, கூடுப்பெட்டியா?

ஒரு காட்டில் ஆந்தைகளைக் கண்காணிக்கலாம் என்று முடிவான மறுநாளே பேச்சு உபகரணத்துக்குத் தாவிவிடுகிறது. எந்த ரெக்கார்டர் நல்லது? ஸ்பீக்கரில் குரல் போட்டுக் கூப்பிடலாமா? மரத்தில் பெட்டி மாட்டினால் வந்து தங்குமா? மாணவர், வனப் பணியாளர், வார இறுதியில் பறவை பார்க்கிறவர் என்று யார் கேட்டாலும் இந்த மூன்று கேள்விகள்தான் வருகின்றன. மூன்றுக்கும் நேரடியாகப் பதில் சொல்ல முடியாது. ஆந்தையைப் பற்றி என்ன தெரிய வேண்டும் என்பதைப் பொறுத்து, ஒருவருக்குச் சரியான முறை இன்னொருவருக்கு வீண் செலவாகிவிடும்.

## எதை வைத்து எடைபோடுவது

என்ன கேள்வி? நான்கு படிகள் உண்டு. இந்த இனம் இங்கே இருக்கிறதா? எத்தனை ஜோடிகள் இடம் பிடித்திருக்கின்றன? இந்த ஆண்டு குஞ்சு பொரித்தனவா? போன ஆண்டு இருந்த அதே பறவைகள் இன்னும் உயிரோடு இருக்கின்றனவா? படி ஏற ஏற வேலையும் செலவும் கூடும். முதல் படிக்கான முறையை வைத்துக்கொண்டு நான்காம் படிக்குப் பதில் எழுதிய அறிக்கைகள் நிறையவே இருக்கின்றன.

கண்டறியும் வாய்ப்பு. ஆந்தை இருந்தும் நம் காதில் விழாமல் போகும் இரவுகள்தான் அதிகம். ஒரு தடவை போனால் கேட்கும் வாய்ப்பு 40 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். மூன்று தடவை போனால் ஒரு முறையாவது கேட்கும் வாய்ப்பு 78 விழுக்காடு, ஐந்து தடவை போனால் 92. அதே வாய்ப்பு 20 விழுக்காடாக இருந்தால் மூன்று தடவை போயும் பாதிக்குக் கீழேதான். அதனால் ‘இல்லை’ என்று எழுதும் முன் எத்தனை இரவு தேவை என்பதைக் கணக்குப் போட்டாக வேண்டும். ஒரே இடத்துக்கு மறுபடி மறுபடி போன பதிவுகளை வைத்து இந்த வாய்ப்பையே மதிப்பிடும் புள்ளியியல் முறை 2002 முதல் புழக்கத்தில் இருக்கிறது. ஆனால் ஒரே தடவை போய்வந்த தரவை எந்தப் புள்ளியியலாலும் காப்பாற்ற முடியாது.

தொந்தரவு. நம் வேலையால் ஆந்தை கூட்டை விட்டுப் போகிறதா, வீணாகச் சண்டைக்கு அலைகிறதா, வேறொரு ஆந்தைக்கு இரையாகிறதா என்பது.

பின்னால் வரும் வேலை. களத்தில் செலவாகும் நேரம் எல்லாருக்கும் கண்ணில் படுகிறது. களத்துக்குப் பிறகு மேசையில் செலவாகும் நேரத்தைத் திட்டத்தில் யாரும் எழுதுவதில்லை.

ஆண்டுக்கு ஆண்டு மாறும் இரை. வட ஐரோப்பாவில் வோல் எனப்படும் சிறு எலிகளின் எண்ணிக்கை மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை ஏறி இறங்குகிறது. எலி வற்றிய ஆண்டில் பல ஆந்தைகள் முட்டையிடுவதே இல்லை, குரலும் குறைந்துவிடும். ஒரே ஆண்டுத் தரவை வைத்து ‘குறைந்துவிட்டது’ என்று சொன்னால் அது எலியைப் பற்றிய செய்தியாகவும் இருக்கலாம்.

## சும்மா நின்று கேட்பது

மிகப் பழைய முறை இது, செலவும் இல்லை. வட அமெரிக்காவுக்காக 2001இல் வந்த இரவு ஆந்தைக் கணக்கெடுப்பு வழிகாட்டியில், 1.6 கிலோமீட்டருக்கு ஒரு நிறுத்தம், ஒவ்வொன்றிலும் முதல் இரண்டு நிமிடம் அமைதியாகக் கேட்பது என்று இருக்கிறது. காற்றின் வேகம் பியூஃபோர்ட் என்ற காற்று அளவுகோலில் 3ஐ, அதாவது இலைகளும் சிறு கொம்புகளும் ஓயாமல் அசையும் அளவைத், தாண்டினால் அன்று வீட்டிலேயே இருப்பது மேல்.

எப்போது போவது என்பதில்தான் சூட்சுமம். டானி ஆந்தை இலையுதிர் காலத்தில், இளம் பறவைகள் இடம் தேடிப் பிரியும்போது, உரக்கக் குரல் கொடுக்கும். குளிர்காலக் கடைசியில் இன்னொரு சுற்று. டெங்மால்ம் ஆந்தைக்குக் குளிர்காலக் கடைசியும் வசந்தத் தொடக்கமும். பிக்மி ஆந்தையைத் தேடி நள்ளிரவில் போனால் ஏமாற்றம்தான், அது அந்திப் பொழுதுக்கும் விடியற்காலைக்கும் உரிய பறவை. நீள்காது ஆந்தையின் கூவல் மெல்லியது, சில நூறு மீட்டருக்குள் அமுங்கிவிடும். அதைப் பிடிக்க நல்ல வழி, கோடைத் தொடக்கத்தில் குஞ்சுகள் இரைக்குக் கத்தும் ஒலி: எண்ணெய் காணாத கதவுக்கீல் கிறீச்சிடுவது போல இரவெல்லாம் கேட்கும். இந்த இனத்துக்கு வசந்தகாலக் கணக்கெடுப்பை மட்டும் நம்பினால் பாதியைத் தவறவிடுவீர்கள். இன்னொரு ஆதாயம், குஞ்சின் ஒலி கேட்டாலே மூன்றாம் படிக் கேள்விக்கும் பதில் கிடைத்துவிடுகிறது.

கூவல் நிறையக் கேட்டால் நிறைய ஜோடிகள் இருப்பதாக நினைக்கத் தோன்றும். டெங்மால்ம் ஆந்தை விஷயத்தில் இது தலைகீழ். ஜோடி கிடைத்த ஆணின் பாட்டு வேகமாகக் குறைந்துவிடும். இரவு முழுக்க, வாரக் கணக்கில் பாடிக்கொண்டிருப்பது பெரும்பாலும் துணை கிடைக்காத ஆண்.

மறைந்திருக்கும் செலவு ஆள்தான். இருட்டில் தனியாக யாரையும் அனுப்ப முடியாது, குறைந்தது இருவர் வேண்டும். பனியில் மூடிய காட்டுப் பாதை பற்றிய பயமும் சேர்ந்து, கடைசியில் எல்லாரும் வண்டி போகும் சாலையோரமே நின்று கேட்கிறார்கள். தரவும் சாலையோர ஆந்தைகளின் தரவாகிவிடுகிறது.

## குரல் போட்டுக் கூப்பிடுவது

பிளேபேக் என்பது ஆந்தையின் எல்லைப் பற்றைப் பயன்படுத்திக்கொள்ளும் தந்திரம். தன் இனத்துக் குரல் கேட்டால் எதிரி வந்துவிட்டதாக எண்ணிப் பதில் கொடுக்கும், சில சமயம் தலைக்கு மேலேயே வந்து உட்காரும். பல இனங்களில் ஒரு இரவில் கண்டறியும் வாய்ப்பை இது கணிசமாகக் கூட்டுகிறது. நேரம் குறைவு, ‘இருக்கிறதா’ என்பது மட்டும் தெரிய வேண்டும் என்றால் இதற்கு இணை இல்லை.

வட அமெரிக்கப் பசிபிக் கரையோரக் காடுகளின் வடக்குப் புள்ளி ஆந்தையை இப்படித்தான் பல பத்தாண்டுகள் கணக்கெடுத்தார்கள். 1990இல் அது அமெரிக்க அழிநிலை உயிரினச் சட்டத்தின் கீழ் ‘அச்சுறுத்தலுக்குள்ளானது’ என்று பட்டியலிடப்பட்டது. குரல் கொடுத்து வரவழைத்து, உயிருள்ள எலி ஒன்றை நீட்டுவார்கள். கூடு இருந்தால் ஆந்தை எலியை அங்கே தூக்கிக்கொண்டு போகும், பின்னாலேயே ஓடினால் கூடு கிடைத்துவிடும். சரிவான மலைக்காட்டில் ஆந்தையைத் துரத்தி ஓடும் வேலை.

அப்புறம் பட்டை ஆந்தை வந்தது. கண்டத்தின் கிழக்குப் பகுதிக்கு உரிய இந்தப் பறவை 20ஆம் நூற்றாண்டில் மேற்கே பரவி, புள்ளி ஆந்தையின் இடங்களுக்குள் நுழைந்தது. உருவத்தில் பெரியது, முரட்டுத்தனமும் கூட. அது இருக்கும் இடத்தில் புள்ளி ஆந்தை வாயைத் திறக்கத் தயங்குகிறது. பிளேபேக்குக்குப் பதில் வராத இடத்தில் ஆந்தை போய்விட்டதா, பயந்து அடங்கியிருக்கிறதா என்று பிரித்தறிய முடியாமல் போனது. பதில் கொடுத்தால் ஆபத்து, நாமோ அதைப் பதில் கொடுக்கத் தூண்டுகிறோம்.

இந்தச் சிக்கல் அந்த ஒரு காட்டோடு முடிவதில்லை. பெரிய ஆந்தைகள் சிறிய ஆந்தைகளைத் தின்னும். பெரிய இனத்தின் குரலை முதலில் போட்டால் அந்த வட்டாரத்துச் சிறு ஆந்தைகள் வாயடைத்துவிடும். பல இனங்களின் குரலை ஒலிபரப்புவதானால் சிறியதிலிருந்து பெரியது என்ற வரிசை அதற்காகத்தான். ஆந்தை பதில் கொடுத்த நொடியே ஒலியை நிறுத்திவிட வேண்டும். கூட்டுக்கு அருகே, அடைகாக்கும் காலத்தில், வேண்டவே வேண்டாம். பல நாடுகளில் பாதுகாக்கப்பட்ட இனங்களுக்குக் குரல் ஒலிபரப்ப அனுமதி தேவை, அதையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: பிளேபேக் ஆந்தையை இருந்த இடத்திலிருந்து இழுக்கிறது. அடுத்த பள்ளத்தாக்கிலிருந்து பறந்து வந்த ஆணை இந்த இடத்துக் கணக்கில் எழுதிவிடுவீர்கள். அடுத்த நிறுத்தத்துக்கும் அதுவே பின்தொடர்ந்து வந்தால் ஒன்று இரண்டாகிவிடும்.

## ரெக்கார்டரைக் கட்டிவிட்டு வருவது

இப்போது எல்லாரும் ஆசைப்படுவது இதைத்தான். அதற்குக் காரணமும் இருக்கிறது. மனிதர் மூன்று இரவு போகும் இடத்தில் கருவி முப்பது இரவு இருக்கும். ஓர் இரவின் வாய்ப்பு வெறும் 20 விழுக்காடாக இருந்தாலும், முப்பது இரவில் தவறவிடுவது கிட்டத்தட்ட நடக்காத காரியம். ஆந்தையை யாரும் சீண்டுவதில்லை, அதனால் பயந்து அடங்கிய பறவையும் தானாக வாயைத் திறக்கும் அந்த ஒரு இரவில் மாட்டிக்கொள்ளும். மேலே சொன்ன புள்ளி ஆந்தைக் கண்காணிப்பே 2017 முதல் இந்தப் பக்கம் நகர்ந்தது. காட்டை 5 சதுர கிலோமீட்டர் அறுகோணங்களாகப் பிரித்து, தேர்ந்தெடுத்தவற்றில் ரெக்கார்டர்களை வைத்து, பதிவுகளைப் பிஎன்டபிள்யூ-சிநெட் என்ற நிரலால் (குரல்களைக் கற்று அடையாளம் காணும் நரம்பணு வலையமைப்பு) சலிக்கிறார்கள். ஆந்தைகளை ஜோடி ஜோடியாகத் தேடிப் போன காலத்திலிருந்து, எத்தனை அறுகோணங்களில் ஆந்தை இருக்கிறது என்று பார்க்கும் காலத்துக்கு வந்திருக்கிறார்கள். கேள்வியும் சேர்ந்தே மாறியிருப்பதைக் கவனியுங்கள்.

கருவி வாங்குவது இன்று பெரிய விஷயமில்லை. ஆடியோமாத் என்ற ரெக்கார்டர் உள்ளங்கையில் அடங்கும், விலையும் குறைவு, ஆனால் ஈரம் புகாத உறை வேண்டும். சாங் மீட்டர் வகைகள் மழை, பனிக்கென்றே கட்டப்பட்டவை, அதற்கேற்ற விலை. எதை வாங்கினாலும் கொட்டும் குளிரில் பேட்டரி சீக்கிரம் சோர்ந்துவிடும். லித்தியம் பேட்டரி தாங்கும், செலவு ஏறும்.

மெமரி கார்டின் கணக்கைப் பார்ப்போம். ஆந்தைக் கூவல் தாழ்ந்த ஒலி, பெரும்பாலான இனங்களில் 1 கிலோஹெர்ட்ஸை ஒட்டியோ அதற்குக் கீழேயோதான். குஞ்சுகளின் கத்தல் இன்னும் மேலே போகும். ஒலியை நொடிக்கு 16,000 தடவை அளந்து பதிந்தால், அதாவது 16,000 மாதிரிகள் எடுத்தால், இரண்டும் அடங்கும். 16 பிட், ஒற்றைத் தடத்தில் அது மணிக்கு சுமார் 115 மெகாபைட். இரவுக்கு 12 மணி நேரம், 30 இரவு என்றால் 41 கிகாபைட். இதையே 48,000 மாதிரிகளில் எடுத்தால் மூன்று மடங்கு. ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று உயர்ந்த தரத்தில் பதிவு செய்கிறவர்கள் ஏப்ரல் நடுவிலேயே நிரம்பிய கார்டுகளோடு நிற்பார்கள்.

எங்கே கட்டுவது என்பதும் முக்கியம். ஓடைக்கு அருகே வேண்டாம். வசந்தத்தில் பனி உருகி ஓடும் தண்ணீரின் இரைச்சல் தாழ்ந்த கூவல்களை விழுங்கிவிடும். பெருத்த அடிமரத்தில் கட்டினால் பின்பக்க ஒலியை மரமே மறைக்கும், ஒல்லியான மரமாகப் பாருங்கள்.

இனி மேசை வேலை. 40 கருவிகள், 42 இரவு, இரவுக்கு 12 மணி நேரம்: 20,160 மணி நேரப் பதிவு. யாரும் உட்கார்ந்து கேட்க முடியாது, நிரல்தான் கேட்க வேண்டும். கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஜெர்மனியின் கெம்னிட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் உருவாக்கிய பேர்ட்நெட் பதிவை மூன்று மூன்று நொடித் துண்டுகளாக வெட்டி ஒவ்வொன்றிலும் எந்தப் பறவை கேட்கிறது என்று மதிப்பெண் போடும். நம் கணக்கில் அது 2 கோடியே 40 லட்சத்துக்கும் மேற்பட்ட துண்டுகள். பத்தாயிரத்தில் ஒன்று மட்டும் தவறாக ‘ஆந்தை’ என்று வந்தாலே 2,400 பொய் ஆந்தைகள்! அரிய இனமாக இருந்தால் மெய்யைவிடப் பொய்யே அதிகமாகிவிடும். மதிப்பெண்ணில் மேலே வந்த துண்டுகளை மனிதக் காது சரிபார்த்தே ஆக வேண்டும்.

அந்தக் காதுக்கும் பயிற்சி வேண்டும். ஸ்னைப் பறவை வானில் பாய்ந்து இறங்கும்போது வால் இறகுகள் எழுப்பும் ஒலி டெங்மால்ம் ஆந்தையின் பாட்டோடு குழம்பும். தென் ஐரோப்பாவில் ஸ்காப்ஸ் ஆந்தையா, ஒருவகைத் தேரையா என்று அனுபவசாலிகளே தடுமாறுவார்கள். ஐரோப்பிய ஜே பறவை டானி ஆந்தையைப் போலவே குரல் கொடுத்து ஏமாற்றும். போதாக்குறைக்கு, பக்கத்தில் யாரோ பிளேபேக் கணக்கெடுப்பு நடத்தினால் அவர்களின் ஸ்பீக்கரும் உங்கள் பதிவில் ஆந்தையாகிவிடும். மனிதப் பேச்சும் விழும். பொதுமக்கள் நடமாடும் காட்டில் அந்தப் பதிவுகளை என்ன செய்வது என்று முன்பே முடிவு செய்து, அறிவிப்புப் பலகையும் வையுங்கள்.

ரெக்கார்டரால் முடியாதது என்ன? எத்தனை பறவைகள் என்பது எளிதில் கிடைக்காது. ஒரே ஆணா, இரண்டு ஆண்களா என்று குரலை வைத்துப் பிரிக்கும் ஆய்வுகள் இருக்கின்றன, ஆனால் நல்ல தரமான பதிவும் நிபுணரும் வேண்டும். ஆண், பெண் பிரிப்பது சற்று எளிது, பெரும்பாலான இனங்களில் பெண்ணின் கூவல் சுருதி உயர்ந்தது. எத்தனை பறவைகள் அடுத்த ஆண்டுவரை உயிர்பிழைக்கின்றன என்ற பிழைப்பு விகிதம் பற்றிப் பேசவே வேண்டாம்.

## கூடுப்பெட்டி மாட்டுவது

குஞ்சு எத்தனை, என்ன தின்றன, தாய்க்கு என்ன வயது என்பதெல்லாம் பெட்டிக்குள்தான் கிடைக்கும். பின்லாந்தில் ஆந்தைகளைப் பற்றித் தெரிந்தவற்றில் பெரும்பங்கு பெட்டிகளும் கால் வளையங்களும் தந்தது. தன்னார்வலர்கள் 10 கிலோமீட்டர் சதுரங்களில் கூடுகளைத் தேடிப் பதியும் திட்டம் அங்கே 1982 முதல் நடக்கிறது. டானி ஆந்தைகளில் பழுப்பு நிறத்தவை பெருகி வருவதற்கும் குளிர்காலங்கள் மிதமாவதற்கும் உள்ள தொடர்பை 2011இல் சொல்ல முடிந்ததும் இப்படிச் சேர்ந்த நீண்ட காலத் தரவால்தான். எந்த ரெக்கார்டரும் நிறத்தைச் சொல்லாது.

ஆனால் பெட்டி, பெட்டிக்கு வரும் ஆந்தையைப் பற்றி மட்டுமே சொல்லும். நீள்காது ஆந்தை பழைய காக்கைக் கூட்டில் முட்டையிடும், பெரிய சாம்பல் ஆந்தை முறிந்த மரத்தின் தலையிலோ பருந்து விட்டுப்போன கூட்டிலோ அமரும். பொந்து மரங்கள் நிறைந்த முதிர்ந்த காட்டில் பெட்டி காலியாகக் கிடந்தால் ஆந்தை இல்லை என்று பொருளில்லை, பெட்டி தேவைப்படவில்லை. பொந்தே இல்லாத இளங்காட்டில் மாட்டினால் ஆந்தை எண்ணிக்கை ஏறும், அது காட்டின் நலத்தைக் காட்டாது, நீங்கள் அடித்த ஆணியைக் காட்டும்.

பைன் மார்ட்டன் என்ற மரநாய் பெட்டி இருக்கும் இடத்தை நினைவில் வைத்துத் திரும்பத் திரும்ப வரும். ஒரே மரத்தில் பல ஆண்டு தொங்கும் பெட்டியில் முட்டை பறிபோவது கூடுகிறது என்றும், இடம் மாற்றினால் குறைகிறது என்றும் நார்வேயில் கண்டிருக்கிறார்கள். ஆண்டுதோறும் சுத்தம் செய்து மரத்தூள் போட வேண்டும், ஆந்தை கூட்டுக்குப் புல்லோ குச்சியோ கொண்டுவராது. பெட்டி மாட்டிய ஆர்வம் மூன்றாம் ஆண்டில் வற்றி, அடிப்பலகை உளுத்துத் தொங்கும் பெட்டி எந்தக் காட்டிலும் கிடைக்கும்.

கண் பத்திரம். யூரல் ஆந்தை குஞ்சுகளைக் காக்க மனிதர் முகத்தில் பாயும். டானியும் சளைத்ததல்ல, பிரிட்டிஷ் பறவைப் புகைப்படக்காரர் எரிக் ஹோஸ்கிங் 1937இல் அதன் நகத்தால் ஒரு கண்ணை இழந்தார். தலைக்கவசமும் முகக்காப்பும் இல்லாமல் ஏணியில் ஏறக் கூடாது. முடிந்தால் நீண்ட கம்பில் சிறு கேமராவைப் பொருத்தி எட்டிப் பாருங்கள். அடைகாக்கும் தொடக்க நாட்களில் அதுவும் வேண்டாம், தாய் முட்டையைக் கைவிடக்கூடும்.

## வலை, வளையம், டேக்

நான்காம் படிக் கேள்விக்கு, அதாவது பிழைப்பு, இடப்பெயர்ச்சி இவற்றுக்கு, பறவையைக் கையில் பிடித்தே ஆக வேண்டும். வட அமெரிக்காவில் சா-வெட் என்ற சிறு ஆந்தைகளை இலையுதிர் கால வலசையின்போது குரல் போட்டு இழுத்து, மெல்லிய வலையில் பிடித்து வளையமிடும் நிலையங்களை ஓல்நெட் என்ற வலையமைப்பு 1994 முதல் இணைக்கிறது. இறகின் அடிப்பக்கத்தைப் புற ஊதா விளக்கில் பார்த்தால் புது இறகு இளஞ்சிவப்பாக ஒளிரும், அதை வைத்து வயதைச் சொல்லலாம். அரிதென்று நினைத்த பறவை உண்மையில் கண்ணில் படாத பறவை என்பது பல இடங்களில் வலை விரித்த பிறகே தெரிந்தது.

டேக், அதாவது பறவை போகும் இடத்தைக் காட்டும் சிறு மின்னணுக் கருவி, பொருத்துவதில் எடைதான் தடை. உடல் எடையில் 3 விழுக்காட்டுக்குள் இருப்பது பாதுகாப்பு என்பது பொதுவான விதி. 90 கிராம் சா-வெட்டுக்கு அது 2.7 கிராம்! உரிமம், பயிற்சி, மேற்பார்வை எல்லாம் இருக்கும் நிறுவனத்தோடு சேர்ந்தே இறங்க வேண்டிய வேலை.

செரிக்காத எலும்பும் ரோமமுமாக ஆந்தை கக்கும் உருண்டைகளைப் பொறுக்குவது, வெப்பக் கேமரா ஆகியவற்றைத் துணை முறைகளாக வைத்துக்கொள்ளலாம். உருண்டை இரையைச் சொல்லும், தங்கும் மரத்தைக் காட்டும். வெப்பக் கேமரா இலை உதிர்ந்த காட்டில் பயன்படும், அடர்ந்த ஊசியிலைக் காட்டில் கிளைகள் மறைத்துவிடும்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| முறை | எந்தக் கேள்விக்கு | தொந்தரவு | கண்ணில் படாத செலவு |
|---|---|---|---|
| நின்று கேட்பது | இருப்பு, தோராய ஜோடிகள், குஞ்சு ஒலி | மிகக் குறைவு | இரவு ஆட்கள், சாலையோரச் சாய்வு |
| பிளேபேக் | இருப்பு, விரைவாக | அதிகம் | தவறான இடம், அடங்கிப்போகும் சிறு ஆந்தைகள், அனுமதி |
| ரெக்கார்டர் | பரந்த பரப்பில் இருப்பு | கிட்டத்தட்ட இல்லை | சரிபார்க்கும் நேரம், சேமிப்பு, பேட்டரி |
| கூடுப்பெட்டி | இனப்பெருக்கம், இரை | நடுத்தரம் | ஆண்டுதோறும் பராமரிப்பு, மரநாய் |
| வளையம், டேக் | பிழைப்பு, நகர்வு | அதிகம் | உரிமம், பயிற்சி, நீண்ட காலம் |

## யாருக்கு எது

இரண்டு பேர், ஒரு சிறு காடு, சில வார இறுதிகள் என்றால் ரெக்கார்டர் வாங்காதீர்கள். குளிர்காலக் கடைசியில் சில இரவுகள், கோடைத் தொடக்கத்தில் குஞ்சு ஒலிக்காகச் சில இரவுகள் என்று நின்று கேட்டாலே காட்டை நன்றாக அறியலாம்.

மரம் வெட்டும் முன் ‘இங்கே ஆந்தை உண்டா’ என்று அவசரமாகத் தெரிய வேண்டிய நிலையில் பிளேபேக் நியாயமானது, கூடவே சில ரெக்கார்டர்களும் இருக்கட்டும். பதில் வரவில்லை என்ற ஒன்றை மட்டும் வைத்து வெட்ட அனுமதிப்பதை நான் ஏற்க மாட்டேன், பட்டை ஆந்தை புகுந்த காடுகளில் நிச்சயமாக மாட்டேன்.

பெரிய பரப்பு, பத்து ஆண்டுத் திட்டம், பதிவுகளைச் சரிபார்க்கச் சம்பளம் வாங்கும் ஒருவர் இருக்கிறார் என்றால் தயங்காமல் ரெக்கார்டர். சரிபார்க்க ஆள் இல்லையென்றால் கருவிகளின் எண்ணிக்கையைப் பாதியாக்கி அந்தப் பணத்தில் ஆளைப் போடுங்கள். பெட்டிக்கும் இதே கறார்தான். அடுத்த பதினைந்து ஆண்டுக்கு யார் ஏணி தூக்குவார் என்று பெயர் சொல்ல முடிந்தால் மாட்டுங்கள்.

ஏற்கெனவே ஒரு முறையில் பல ஆண்டுத் தரவு இருக்கிறது, புது முறைக்கு மாற ஆசை என்றால் ஒரே நாளில் மாறாதீர்கள். பழைய நிறுத்தங்களிலேயே புதுக் கருவியையும் வைத்து, இரண்டையும் சில பருவங்கள் சேர்த்து ஓட்டுங்கள். இல்லையென்றால் வரைபடத்தில் தெரியும் ஏற்றம் ஆந்தையுடையதா, மைக்ரோஃபோனுடையதா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. அந்தப் பருவங்களுக்குள் எலி பெருகிய ஆண்டு ஒன்றும் எலி வற்றிய ஆண்டு ஒன்றும் வரும்வரை பழைய முறையைக் கைவிட வேண்டாம்.